பத்திரிகை வைக்காத வீடு

அந்த வாரம் நடந்தவை:

1. மழை பிடித்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள்.
2. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார்.
3. நான் வைத்த புடலங்கொடி சுவர் ஏறி, பெரியப்பா வீட்டுப் பக்கம் போய்க் காய்த்தது.
4. அந்தக் காய் காணாமல் போனது.
5. பெரியப்பா மகளுக்குக் கோயிலில் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். அப்பா இருமினார்.
6. காய் கிடைத்தது. கோயில் ஏலத்தில் ஆட்டுக்கிடாயைவிட அதிக விலைக்குப் போனது. அதுவும் ஒரு முறையோடு நிற்கவில்லை.
7. அப்பாவும் பெரியப்பாவும் பேசினார்கள்.
8. மழை வெறித்தது. கல்யாணம் நடந்தது.

வரிசையிட்டு எழுதினால் இவ்வளவுதான். அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற வேலையில் இருப்பதால் எதையும் இப்படி எண் போட்டு எழுதினால்தான் எனக்கு நிம்மதி. ஆனால் அந்த வாரம் என் ஞாபகத்தில் எண் போட்டுக் கிடக்கவில்லை. ஈரத் துணியைச் சுருட்டி வைத்ததுபோலக் கிடக்கிறது. எந்த முனையைப் பிடித்து இழுத்தாலும் மற்றதெல்லாம் கூடவே வருகிறது.

மில்லர்புரத்தில் நம் தெருவில் என்னோடு வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறீர்கள். உங்களுக்கெல்லாம் அந்த ஏலம் மட்டும் நினைவிருக்கும், சிரித்துச் சிரித்து வயிறு வலித்த நாள் என்று. அதற்கு முன்னும் பின்னும் நடந்தது எங்கள் வீட்டுக்குள் நடந்தது. அதை இப்போது சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சுவர். தாத்தா கட்டிய ஒரே வீடு அது. அவர் போன பிறகு அப்பாவும் அப்பாவின் அண்ணனும் அதை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். முற்றத்தின் நடுவே பெரியப்பா ஒரு செங்கல் சுவர் எழுப்பினார். சண்டை எதற்கு என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. தண்ணீர் மோட்டார் என்று அம்மா சொன்னாள். ஒரு துக்க வீட்டில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை என்று பெரியம்மா சொன்னாள். வேப்பமரம் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதில் தொடங்கியது என்று அக்கா, அதாவது பெரியப்பாவின் ஒரே மகள், சொன்னாள். மரத்தை வெட்டிய பிறகும் சண்டை இருந்தது.

சுவரை இரண்டு பக்கமும் பூசவில்லை. கட்டியது நான், பூச வேண்டியது அவன் என்று பெரியப்பா இருந்தார். கட்டியவரே பூசட்டும் என்று அப்பா இருந்தார். செங்கல் அப்படியே மழையிலும் உப்புக்காற்றிலும் நின்று, கை வைத்தால் சிவப்புத் தூளாக உதிர்ந்தது. என் பாவாடைகளில் எல்லாம் அந்தச் சிவப்பு இருக்கும்.

அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சண்டை கிடையாது. ஆனால் ஆண்கள் பேசாதிருக்கும்போது தாங்கள் நின்று பேசுவது சரியில்லை என்று இருவரும் ஒரே மாதிரி நினைத்தார்கள். அதனால் பாத்திரங்கள் மட்டும் போய் வந்தன. ஒரு கிண்ணத்தில் மீன்குழம்பு சுவரைத் தாண்டிப் போகும். அதே கிண்ணம் மறுநாள் ஒரு பிடி முருங்கைக்கீரையோடு திரும்பும். வெறும் கிண்ணமாக ஒருநாளும் திரும்பியதில்லை.

நம் ஊரில் மழை என்பது எப்போதாவது வந்து, காப்பி குடிக்காமல் போகிற உறவுக்காரர் மாதிரி. அதனால் முதல் நாள் எல்லா வீட்டு வாசலிலும் குடம், அண்டா, வாளி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி என்று எல்லாவற்றையும் பரப்பினார்கள். மறுநாள் பிடித்து வைக்கப் பாத்திரம் இல்லை. அதன் பிறகு யாரும் வெளியே பார்க்கவில்லை. மழை தன் பாட்டுக்குப் பெய்தது.

உங்களுக்கு அந்த நாற்காலி நினைவிருக்கிறதா? தெருமுனைப் பள்ளத்தில் தண்ணீர் ஏறி நம் வாசல்கள் வரை வந்தபோது, ஒரு பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலி எங்கிருந்தோ மிதந்து வந்தது. மெதுவாகத் திரும்பித் திரும்பி ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சநேரம் நின்றது. யாரும் அது தன்னுடையது என்று சொல்லவில்லை. சாயங்காலம் பெரியப்பா வீட்டு வாசலில் நிற்கும். காலையில் எங்கள் வாசலில் இருக்கும். நான் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கம்பியின் துருவாசனை மூக்கில் ஏறும்.

உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராகிக் கிடந்தது. தீப்பெட்டியைச் சூட்டுக்காக டிவியின் மேல் வைத்திருந்தோம். தலையணை, செய்தித்தாள், பைபிள் எல்லாம் கனத்துப்போயின. என் பள்ளிச் சீருடை சமையலறைக் கொடியில் தொங்கி, தாளித்த வெங்காய வாசனையோடு காய்ந்தது. பகல் எது, சாயங்காலம் எது என்று பிரிக்க முடியாத ஒரே சாம்பல் வெளிச்சம். தூங்கி எழுந்தால் காலையா என்று அம்மாவிடம் கேட்க வேண்டியிருந்தது.

அப்பா துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். கூண்டு ஏற்றிவிட்டால் கிரேன்கள் நிற்கும். வீட்டிலிருந்த அப்பா, ஓடாத கடிகாரத்தையும் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியையும் கழற்றிப் போட்டார். பெரியப்பாவுக்கு உப்பளத்தில் மேற்பார்வை வேலை. மழைக்கு முன்னால் உப்புக் குவியல்களைப் பனையோலையால் மூடிவிட்டால் அவருக்கும் வேலை இல்லை. ஆக, சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் சும்மா இருந்தார்கள். இரண்டு வீட்டு டிவியிலும் ஒரே வானிலைச் செய்தி ஓடும். அங்கே சத்தத்தைக் கூட்டினால் இங்கே அப்பா குறைத்துவிடுவார். கேட்டால் போதுமே என்பார் அம்மாவிடம். பெரியப்பா இருமினால் அப்பாவின் கையிலிருக்கும் திருப்புளி ஒரு நொடி நிற்கும்.

அந்த வாரம் முழுக்கக் கருப்பட்டி வாசனை. கல்யாணத்துக்கு முந்திரிக்கொத்து பிடிக்க உடன்குடியிலிருந்து கருப்பட்டி வந்திருந்தது. பெரியம்மா வீட்டில் பாகு காய்ச்சினார்கள். மழையில் வாசனை மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து எங்கள் வீட்டுக்குள் வந்து, அறைக்கு அறை நின்றது. அக்காவுக்குக் கல்யாணம். பலகாரம் பிடிக்க அம்மாவின் கை அங்கே இருந்திருக்க வேண்டும். அம்மா டீச்சர். விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, சிவப்பு மையைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பாகு பதம் தாண்டிவிட்டது என்று ஒருமுறை தனக்குத்தானே சொன்னாள்.

அப்பாவுக்குப் பத்திரிகை வரவில்லை. அதுதான் விஷயம்.

கல்யாணப் பத்திரிகையை நேரில் போய், பெரியவர்கள் கையில் கொடுத்து, குடும்பத்தோடு வரணும் என்று வாயால் சொல்ல வேண்டும். நம் ஊரில் அப்படி வைக்காத பத்திரிகை பத்திரிகை இல்லை. தெருவில் எல்லா வீட்டுக்கும் பெரியப்பாவும் பெரியம்மாவும் போய் வைத்துவிட்டார்கள். ஒருநாள் குடை பிடித்துக்கொண்டு நானும் அப்பாவும் முட்டை வாங்கக் கடைக்குப் போனோம். கல்லாப்பெட்டிக்கு மேலே, சாமான் சிட்டைகளோடு, அக்காவின் பத்திரிகை செருகியிருந்தது. கடை அண்ணாச்சி நல்ல மனதோடுதான் கேட்டார், கல்யாண வேலை எல்லாம் எப்படிப் போகுது, சித்தப்பாவுக்குத்தான் அலைச்சல் ஜாஸ்தி என்று. அப்பா, போகுது என்றார். முட்டை வாங்காமல் வீட்டுக்கு வந்தோம்.

"பால்காரனுக்கு வச்சாச்சு, கடைக்கு வச்சாச்சு. நம்ம வீடு ஒரு சுவரு தூரம்," என்றார் அம்மாவிடம்.

பக்கத்து வீடுதானே, கடைசியாக வைப்பார்களாக இருக்கும் என்றாள் அம்மா.

"வச்சா போவோம். வைக்கலைன்னா இந்த வீட்டுலருந்து யாரும் போகக் கூடாது."

யாரும் என்றால் நானும். நான்தான் பூப்பிள்ளை. அக்காவுக்கு முன்னால் கூடையில் பூவோடு நடக்க வேண்டியவள். எனக்குத் தைத்த வெள்ளைக் கவுன் பெரியம்மா வீட்டு அலமாரியில் தொங்கியது. அக்கா இல்லாத ஒரு கல்யாணத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது. நான் இல்லாமல் அக்காவின் கல்யாணம் நடக்கும் என்பதுதான் புரியவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு நாதஸ்வரமும் பாண்டு வாத்தியமும் கேட்பது எப்படி இருக்கும் என்று படுத்துக்கொண்டு யோசிப்பேன். கருப்பட்டி வாசனை மாதிரி அதுவும் தரையோடு வரும் என்று தோன்றியது.

இனி காய். நம் கோயிலில், அதாவது சர்ச்சில், கார்த்திகை மழையோடு அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் விளைத்ததையும் செய்ததையும் பீடத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். வயல் உள்ளவர்கள் நெல், வாழைத்தார். பேக்கரி வைத்திருந்தவர் மக்ரூன். பெரியப்பா வருஷம் தவறாமல் ஒரு மூட்டை உப்பு. எங்கள் வீட்டில் என்ன விளையும்? கிரேனில் எதுவும் காய்ப்பதில்லை என்று அம்மா சொல்லுவாள். ஒவ்வொரு வருஷமும் அப்பா மார்க்கெட்டில் வாழைத்தார் வாங்கி, அதை யாரும் பார்க்காத மூலையாகப் பார்த்து வைப்பார்.

அதனால்தான் பள்ளியில் கொடுத்த புடலை விதையைச் சுவரோரம் ஊன்றினேன். அது வளர்ந்தது. எங்கள் பக்கம் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. அந்தப் பக்கம் கல்யாணப் பந்தலுக்கு மூங்கில் ஊன்றியிருந்தார்கள். கொடி சுவரைத் தாண்டி மூங்கிலைப் பிடித்தது. பூவெல்லாம் மழையில் உதிர்ந்து ஒரே ஒரு காய் நின்றது, அங்கே. நான் துவைகல்லின் மேல் ஏறிக் குதிகாலை உயர்த்தினால் அதைப் பார்க்கலாம். மழையில் கல்லின் மேல் ஏறக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். அம்மா தூங்கும்போது ஏறுவேன்.

ஒருநாள் ஏறிப் பார்த்தால் காயின் நுனியில் நூல் கட்டி, வலையில் கோர்க்கிற ஈயக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தது. புடலை வளையாமல் நீளமாக இறங்குவதற்குக் கல் கட்டுவார்கள், தெரியுமே. கொடிக்கு மேலே மழைத்தண்ணீர் நேராக விழாமல், உப்பை மூடுகிற பனையோலை ஒன்றைச் சாய்த்துக் கட்டியிருந்தது. ஓலையின் நுனியிலிருந்து சொட்டும் தண்ணீர் காயைத் தொடாமல் பக்கத்தில் விழுந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவருக்கு மேலே ஒரு கை வந்தது. பாகு ஒட்டிய விரல்கள்.

"ஏளா, வாயத் தொற," என்றாள் அக்கா. இன்னும் சூடு ஆறாத முந்திரிக்கொத்து. ஈரக்காற்றில் இறுகாமல் பல்லில் ஒட்டியது.

"இந்தக் குண்டை நீ கட்டுனியாக்கா?"

"அப்பா கட்டுனாவ. நேத்து தலையில துண்டைப் போட்டுக்கிட்டு மழையில நின்னு கட்டுனாவ."

"என் காய்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"கொடி எங்கருந்து வருதுன்னு கண்ணு தெரியாதாக்கும்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "சித்தப்பா கல்யாணத்தைப் பத்தி என்ன சொல்லுதாவ?"

பத்திரிகை வரவில்லையாம் என்றேன். அக்கா கையை இழுத்துக்கொண்டாள். அதை நான் எப்படி அப்பாகிட்ட கேட்க என்றாள். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. சிறு வயதில் அவளைத் தூக்கிக்கொண்டு அலைந்தது என் அப்பா. பெரியப்பாவைவிட அப்பாவிடம்தான் அவளுக்கு உரிமை அதிகம். ஆனால் கல்யாணப் பெண் தன் கல்யாணத்துக்கு யாரை அழைத்தீர்கள், யாரை அழைக்கவில்லை என்று கேட்க மாட்டாள். அப்போது அது எனக்குத் தெரியாது. கேட்டால் என்ன என்று நினைத்தேன். இப்போதும் கேட்டால் என்ன என்றுதான் நினைக்கிறேன்.

சனிக்கிழமை ஏறிப் பார்த்தபோது காய் இல்லை. நூல் மட்டும் ஈயக்குண்டோடு பந்தல் மூங்கிலில் ஆடியது.

நான் அழுத அழுகையில் துவைகல் விஷயமும் வெளியே வந்துவிட்டது. அம்மா திட்டினாள். அப்பா திட்டவில்லை. மிக்ஸியின் திருகாணிகளை ஒவ்வொன்றாக மூடியில் போட்டுவிட்டு, பிள்ளை வைத்த கொடியைக்கூட விடவில்லையா என்று மெதுவாகச் சொன்னார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஈயக்குண்டையும் ஓலையையும் பற்றி நான் சொன்னேன். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்து கோயிலுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் பெரியப்பா குடும்பம் போனது. அக்கா வரவில்லை. ஓலை வாசிக்கும் நாளில் கல்யாணப் பெண்ணை வெளியே அனுப்ப மாட்டார்கள். ஓலை என்றால் கல்யாண அறிக்கை. மூன்று ஞாயிறு கோயிலில் வாசித்து, இவர்களைச் சேர்ப்பதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர், நம் பாதிரியார், கேட்பார். கேட்டுவிட்டு ஒரு மூச்சு விடுவார். அந்த இடத்தில் யாரும் அசைய மாட்டார்கள்.

அப்பாவுக்குச் சளி. அடக்கி அடக்கிப் பார்த்து, சரியாக அந்த மூச்சு நேரத்தில் இருமிவிட்டார்.

கோயிலே திரும்பியது. பெரியப்பா திரும்பவில்லை. அவருடைய கழுத்து மட்டும் விறைத்தது. அப்பா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். ஐயர் இன்னொரு மூச்சு விட்டுப் பார்த்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனார். நம் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தீர்கள். யார் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

அப்போதுதான் பீடத்துக்கு முன்னால் பார்த்தேன். உப்பு மூட்டைக்கும் வாழைத்தாருக்கும் நடுவில், வெள்ளைத் துணி விரித்து, நேராக, நீளமாக, என் காய்.

ஆராதனை முடிந்தபோது மழை வலுத்தது. யாரும் வீட்டுக்குப் போக முடியாது. கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஏலம் தொடங்கியது. ஐயருக்கு உதவியாக இருந்த உபதேசியார்தான் ஏலம் விடுவார். தகரத்தில் மழை விழுகிற சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்ததால் அவருக்குத் தொண்டை நரம்பு புடைத்தது. வாழைத்தார் போனது. மக்ரூன் பொட்டலங்கள் போயின. கத்திக்கொண்டே இருந்த ஆட்டுக்கிடாயை ஒரு மரக்கடைக்காரர் நல்ல விலைக்கு எடுத்தார். பிறகு உபதேசியார் என் காயைத் தூக்கினார். குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையிலும் ஏந்த வேண்டியிருந்தது.

இது மில்லர்புரத்துச் சின்னப்பிள்ளை வைத்த கொடியில் காய்த்த முதல் காய், அவள் பேரில் பெரியப்பா கொண்டுவந்து வைத்திருக்கிறார், கேளுங்கள் என்றார்.

என் பேரில். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாத முகம். யாரோ ஒருவர் ஒரு சின்ன விலை சொன்னார். அப்பா அதற்கு மேல் சொன்னார். கொட்டகையின் அந்த மூலையிலிருந்து பெரியப்பா அதற்கும் மேல் சொன்னார்.

அப்பா ஏற்றினார். பெரியப்பா ஏற்றினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. உபதேசியாரைப் பார்த்தே சொன்னார்கள். மற்றவர்கள் எப்போதோ விலகிவிட்டார்கள். கிடாய் வாங்கின அண்ணாச்சி வருத்தப்படக் கூடாது, உம்ம கிடாய்க்கு மரியாதை போச்சு என்று உபதேசியார் சொன்னதும் கொட்டகையே சிரித்தது.

முதல் தடவை அப்பாவுக்கு விழுந்தது. ஏலம் எடுத்தவர் விரும்பினால் பொருளைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுக்கலாம். மறுபடியும் ஏலம் விடுவார்கள். காணிக்கை கூடும், பேரும் கிடைக்கும். அப்பா காயைக் கையில் வாங்காமலே, கோயிலுக்கு விட்டுட்டேன், மறு ஏலம் போடுங்க என்றார். மறு ஏலத்தில் பெரியப்பா எடுத்தார். அவரும் கோயிலுக்கே என்றார். மறுபடியும் அப்பா. மறுபடியும் பெரியப்பா.

அண்ணன் தன்னை ஊருக்கு முன்னால் சின்னவனாக்குகிறார் என்று அப்பா நினைத்தார். தம்பி வீம்புக்கு நிற்கிறான் என்று பெரியப்பா நினைத்தார். பிற்பாடு இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள், அந்தக் காயை வாங்கி என் கையில் கொடுக்கத்தான் எண்ணினார்களாம். எனக்குக் காய் வேண்டியிருக்கவில்லை. நான் அதைக் கோயிலுக்கு என்றுதான் வளர்த்தேன். எனக்கு வேண்டியது அலமாரியில் தொங்கிய கவுன். அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். இரண்டு வருஷமாக ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது சொல்லச் சொல்லப் பதில் வந்துகொண்டே இருந்தது.

காய் கை மாறி மாறி, மேல்தோலின் வெள்ளைப் பொடியெல்லாம் உதிர்ந்து, உபதேசியாரின் சட்டையில் ஒட்டியது. பசி நேரம். சிரிப்பு அடங்கி, ஆட்கள் நெளியத் தொடங்கினார்கள். பெண்கள் பக்கம் பாயின் கோடியிலிருந்து பெரியம்மா எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஆண்கள் பக்கம் பார்த்து நின்றாள்.

"தம்பி, காயை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க. புதன்கிழமை மாப்பிள்ளை வீட்டு ஆளுக வந்து இறங்குவாவ. வாசல்ல நிக்க ஆளில்ல."

அப்பா அவளிடம்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"எனக்குப் பத்திரிகை வரலையே மதினி."

கிடாய்கூடக் கத்தவில்லை என்று எனக்கு ஞாபகம்.

பெரியப்பா முதல் தடவையாகத் திரும்பி அப்பாவை நேராகப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை. ஒன்றும் புரியாத முகம்.

"ஏலே, வாசல்ல நின்னு ஊரை வாங்கன்னு சொல்லுதவனுக்கு யாருலே பத்திரிகை வைப்பா?"

பெரியப்பா ஓர் அடி முன்னால் வந்தார்.

"பத்திரிகை வெளி ஆளுக்குலே. உனக்கு வச்சா நீ யாரு எனக்கு?"

"சொல்லிருக்கலாம்லா," என்றார் அப்பா.

"சொல்லித்தான் தெரியணுமா?"

உபதேசியார் காயை ஏந்தியபடி இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு தரம் என்றார், கத்தாமல். ரெண்டு தரம் என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. மூணு தரம் என்று சொல்லி, நடந்து வந்து, காயைப் பெரியம்மாவின் கையில் வைத்தார்.

மழை கொஞ்சம் தணிந்ததும் கிளம்பினோம். அப்பா குடையோடு முன்னால் போனார். பெரியப்பா தலையில் துண்டோடு பின்னால் வந்தார். சேர்ந்து நடக்கவில்லை. ஆனால் நம் தெரு வந்ததும் அப்பா எங்கள் வாசலைத் தாண்டிப் போனார். அங்கே ஒதுங்கியிருந்த பச்சை நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, பெரியப்பா வீட்டுப் பந்தலுக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார். ஒரு மூங்கிலைப் பிடித்து அசைத்தார்.

"இது காத்துக்கு நிக்காது," என்றார்.

குடையை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டு, கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். பெரியப்பா கயிற்றின் மறு முனையைப் பிடித்தார். அன்று மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் நனைந்துகொண்டே பந்தலைத் திருப்பிக் கட்டினார்கள். இழு. போதும். இங்கன பிடி. விடாதே. இவ்வளவுதான் பேச்சு. என் கொடி அவர்கள் காலடியில் மிதிபட்டு அறுந்தது. அதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா என்னைத் தாண்டி உள்ளே போய், கையைக் கழுவிக்கொண்டு முந்திரிக்கொத்துப் பாத்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். பாகை விரலால் தொட்டுப் பார்த்து, திரும்பக் காய்ச்ச வேண்டும் என்றாள். பெரியம்மா அதற்காகவே காத்திருந்தவள்போல அடுப்பைப் பற்றவைத்தாள். தீக்குச்சிகள் ஒன்றொன்றாக நமுத்துப்போய் உதிர்ந்தன. நான் ஓடிப்போய் எங்கள் வீட்டு டிவியின் மேலிருந்த தீப்பெட்டியை எடுத்து வந்தேன்.

புதன்கிழமை விடியும்போது மழை வெறித்துவிட்டது. தெருவெல்லாம் வண்டல். வெயில் பட்டு எல்லாச் சுவரிலிருந்தும் ஆவி கிளம்பியது. நான் வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு பூக்கூடையோடு நடந்தேன். அப்பா காலை முதல் பெரியப்பா வீட்டு வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் கைகூப்பி, வாங்க என்றார். கல்யாண ஆல்பத்தில் அவர் ஒரு படத்திலும் இல்லை. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் பன்னீர்ச் செம்பு பிடித்த ஒரு கை மட்டும் இருக்கிறது. அந்தக் கைதான் அப்பா. கடைசிப் பந்தியில் சாப்பிட்டார். புடலங்காய்க் கூட்டு அதற்குள் தீர்ந்திருந்தது.

ரொம்ப நாள் வரை பெரியப்பா சொன்னதுதான் சரி என்று நினைத்திருந்தேன். வேலைக்குப் போன பிறகு அப்பா சொன்னதுதான் சரி என்று மாறினேன். இப்போது தோன்றுவது வேறு. இரண்டு கருவியும் ஒழுங்காகத்தான் காட்டின. பூஜ்யம் மட்டும் இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருந்தது. அதை ஒருவர் கேட்டிருந்தால், அல்லது ஒருவர் சொல்லியிருந்தால், ஒரு வாரம் முழுக்க ஒரு வீடு அப்படி ஈரமாகக் கிடந்திருக்காது. கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது என்பதைப் பாசத்தின் அளவாக வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் மகா பாசக்காரர்கள்.

அந்த ஈயக்குண்டை வெகுநாள் என் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தேன். எப்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

இப்போது நிலவரம். இங்கே மறுபடியும் மழை பிடித்திருக்கிறது. உப்பு ஜாடியில் தண்ணீர். வருகிற வாரம் எனக்குக் கல்யாணம். நேற்று மூன்றாவது ஓலை வாசித்தார்கள், அப்பா இருமவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பால்காரர் முதல் துறைமுகத்தில் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் வரை எல்லோருக்கும் பத்திரிகை போய்விட்டது. பெரியப்பாவுக்கு வைக்கவில்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை. இன்று காலையில் சுவருக்கு மேலே தலையை நீட்டி, மாப்பிள்ளை வீட்டு வேன் எத்தனை மணிக்கு வருகிறது, வாசலில் நிற்க நான் அதற்குள் குளித்து ரெடியாக வேண்டுமல்லவா என்று அப்பாவைக் கேட்டுவிட்டுப் போனார்.

உங்களில் ஒருவருக்கும் நான் பத்திரிகை அனுப்பவில்லை. போனில் படமாகக்கூட அனுப்பவில்லை. மறந்துபோய் அல்ல. சொல்லித்தான் தெரியணும் என்பது என் கட்சி, அதனால் சொல்லிவிட்டேன். சுவரை இன்னும் பூசவில்லை. பந்தலுக்கு மூங்கில் ஊன்றியாகிவிட்டது. பெரியப்பாவால் முன்போல வெகுநேரம் நிற்க முடியாது. வாசலில் ஆள் வேண்டும்.